ராத்திரிக்குச் சப்பாத்தியா, கஞ்சியா, மரச்சீனியா?

அம்மாவுக்கு, மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 6.3 என்று ரிசல்ட் வந்த அன்றைக்கே எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ஒரு வழக்காகிவிட்டது. திருவனந்தபுரத்தில் இருக்கும் அக்கா போனில் சப்பாத்தி என்றாள். துபாயில் இருக்கும் அண்ணன் ஓட்ஸ் என்றான். பக்கத்து வீட்டு மாமி கேப்பை மாவு திரித்துத் தருகிறேன் என்றாள். ரத்தப் பரிசோதனை செய்த இடத்தில் கொடுத்த தாளில் சோறு, கஞ்சி, கிழங்கு மூன்றுக்கும் குறுக்குக்கோடு போட்டு, இரவு சப்பாத்தி 3 என்று அச்சடித்திருந்தார்கள். எவ்வளவு மாவில் மூன்று, அதற்கு என்ன கறி என்று ஒரு வரி கிடையாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "அறுவது வருசமா கஞ்சி குடிச்ச வயிறு மக்களே. சப்பாத்தி தின்னா எனக்கு ஒறக்கம் வராது, கேட்டியா?"

நாங்கள் மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இருக்கிறோம். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ஆனால் எங்கள் பக்கத்து அடுக்களைகளில் இன்றும் திருவிதாங்கூர்ச் சமையல்தான்: மட்ட அரிசிக் கஞ்சி, பயறு, மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு, சாளை என்கிற மத்தி மீன், எல்லாவற்றுக்கும் தேங்காயும் தேங்காய் எண்ணெயும். அதனால் சென்னையில் எழுதிய உணவுப் பட்டியலும் பொருந்துவதில்லை, டெல்லியில் எழுதியதும் பொருந்துவதில்லை.

அலட்சியமாக விட்டுவிடக்கூடிய விஷயமும் இல்லை இது. நாடு முழுக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய இண்டியாப் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்திய அளவில் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4, கேரளத்தில் 25.5. தட்டை வைத்துப் பார்த்தால் நாங்கள் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்பது எனக்குச் சந்தேகமே இல்லை. 6.3 என்பது இன்னும் நோய் அல்ல, 5.7 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். திரும்பி வரக்கூடிய இடம் இதுதான். 2006இல் சென்னையிலிருந்து வந்த இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், முன்நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோயாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4. மாத்திரைக்குச் சமமாகத் தட்டு வேலை செய்யும் என்று எனக்கு நம்பிக்கை கொடுத்த எண்கள் அவை.

அக்கா சொன்ன சப்பாத்தியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஊரெல்லாம் அதைத்தான் சொல்கிறது. சுகர் என்றதும் எங்கள் பக்கத்தில் ஆளுக்கு ஆள் கோதுமைக்கு மாறிவிடுகிறார்கள். நான் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, அக்கா வந்திருந்த நாளில் அவள் சுடும் சப்பாத்திக்கான மாவை நிறுத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு 35 கிராம். மூன்றுக்கு 105 கிராம் மாவு. அதில் மாவுச்சத்து மட்டும் 65 முதல் 70 கிராம் இருக்கும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமா. அதில் இன்னும் கொஞ்சம். முழுக் கோதுமையில் நார்ச்சத்து உண்டு, புரதமும் வெள்ளைச் சோற்றைவிடக் கூடுதல், அது உண்மை. இருந்தாலும் கோதுமையும் மாவுச்சத்துதான். சோற்றிலிருந்து சப்பாத்திக்குப் போனவர்களுக்குச் சுகர் குறைந்தால், பெரும்பாலும் சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறார்கள், சோற்றை எண்ணுவதில்லை என்பதுதான் காரணம். எண்ணுவதற்கு வசதியான உணவு என்ற அளவில் சப்பாத்திக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். அதற்கு மேல் அதில் மருந்து எதுவும் இல்லை.

இது என் கணக்கு மட்டும் இல்லை. அதே இண்டியாப் ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானது. நம் நாட்டில் ஒரு நாள் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதம் 12 சதவீதம்தான் என்று அதில் இருக்கிறது. தீட்டிய தானியத்துக்குப் பதிலாக முழுக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றிக்கொள்வதால் மட்டும் சர்க்கரை நோய் வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை. ஒரு நாள் கலோரியில் ஐந்து சதவீத அளவுக்கு மாவுச்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பயறு, பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தபோது வாய்ப்பு குறைவாக இருந்தது. ஆட்களைத் தொடர்ந்து கவனிக்காமல் ஒரே ஒரு முறை மட்டும் பார்த்த ஆய்வு என்பதால் காரண காரியம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வீட்டு வழக்குக்கு அது போதுமான வெளிச்சம். அதைப் படித்த பிறகு, எந்தத் தானியம் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, தானியத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

கேப்பையும் ஓட்ஸும் சீக்கிரம் முடிந்துவிடும். கேப்பையில் சுண்ணாம்புச்சத்து 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புக்கு அது நல்ல விஷயம், அதனால் மாமி தந்த மாவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மையாகத் திரித்த மாவைக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் அது வயிற்றில் வேகமாகக் கரைந்து சுகரை வேகமாக ஏற்றும். அடையாகத் தட்டி, முருங்கைக்கீரை போட்டு, காலையில் சாப்பிடலாம் என்று முடிவானது. ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்ற நார் இருக்கிறது; ஒரு நாளைக்கு மூன்று கிராம் உள்ளே போனால் கெட்ட கொழுப்பான எல்டிஎல் கொஞ்சம் குறையும். 40 கிராம் ஓட்ஸில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அண்ணன் அனுப்பியது மசாலா கலந்த பாக்கெட். உப்பு அளவைப் பார்த்து அதை நிறுத்தினோம். வெறும் ஓட்ஸை அம்மா பால், சீனி, ஒரு முழு ஏத்தன் பழம் எல்லாம் போட்டுப் பாயசம் போல ஆக்கிவிடுகிறாள். பிடிக்காத சாப்பாட்டைப் பிடித்ததாக்க நாம் சேர்ப்பதெல்லாம் அந்தச் சாப்பாட்டின் கணக்கில்தான் சேரும்.

இனி மரச்சீனி. எங்கள் ஊரில் இதைப் பற்றிக் கடுமையாகப் பேசுவது அவ்வளவு எளிதில்லை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இந்தக் கிழங்கை மக்களிடம் பரப்பியவர். 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, எங்கள் தாத்தா பாட்டி தலைமுறையைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது இந்தக் கிழங்குதான். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் கிழங்குப் பயிர்களுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. பசிக்கு இவ்வளவு நன்றாக வேலை செய்ததன் காரணமே, அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து என்பதுதான். வயலில் மண் கொத்தி நாள் முழுக்க உழைத்தவர்களுக்கு அது சரி. இன்று ஒரு ஆள் சாதாரணமாகத் தட்டில் போட்டுக்கொள்ளும் 300 கிராம் அவித்த கிழங்கில் 100 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, புரதம் ஐந்து கிராம்கூட இல்லை. மூன்று சப்பாத்தியையும் அது தாண்டிவிடுகிறது.

அதை அவிக்கும்போது அம்மா செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தோலும் உள்பட்டையும் சேர்த்து உரித்து, துண்டுபோட்டு, தாராளமாக வெள்ளம் ஊற்றி, மூடாமல் கொதிக்கவிட்டு, அந்த வெள்ளத்தை அப்படியே கொட்டிவிட்டாள். ஆவி முகத்தில் அடிக்க, கலயத்தைச் சரித்துப் பிடித்து, ஒரு துண்டும் வழுக்கி விழாமல் வடித்தாள். "இந்த வெள்ளத்துல கெறக்கம் உண்டு" என்றாள். கிழங்கில் இருக்கும் லினமரின் என்ற பொருள் சயனைடாக உடையக்கூடியது. கொதித்த நீரைக் கொட்டினால் பெரும்பகுதி போய்விடும். அம்மா அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எல்லாம் சரியாகச் செய்கிறாள். இப்படிப்பட்ட கையைப் பார்த்து இனி மரச்சீனி கூடாது என்று ஒரு தாளை நீட்டுவது தவறு என்று எனக்கு அப்போதுதான் பட்டது. அளவைச் சொல்லிக் கொடுத்தால் அந்தக் கை அதையும் பிடித்துக்கொள்ளும்.

மிச்சம் இருப்பது கஞ்சி. மட்ட அரிசி புழுங்கல் அரிசி. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குகிறது. மாவுச்சத்தின் அமைப்பும் மாறுவதால், பச்சரிசியைவிடச் சுகரை மெதுவாகவே ஏற்றும். சிவப்பு நிறம் தவிட்டில் இருப்பது. நன்றாகத் தீட்டினால் அது போய்விடும், கூடவே நாரும் போய்விடும். எனவே கடையில் வாங்கும்போது சிவப்புக்கோடு நிறைய நிற்கிற அரிசியாகப் பார்த்து எடுக்க வேண்டும். தவிடு நீக்காத அரிசியையும் வெள்ளை அரிசியையும் வைத்து சென்னையில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், தவிட்டரிசி சாப்பிட்ட நாட்களில் 24 மணி நேர சுகர் ஏற்றம் ஏறக்குறைய 20 சதவீதம் குறைவாக இருந்தது. அதோடு பயறும் சேர்த்தபோது 23 சதவீதம். சிவப்பு அரிசி என்பதற்காகக் கணக்கில்லாமல் சாப்பிடலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அம்மா வழக்கமாகத் தனக்கென்று போடும் அரிசியை நிறுத்தேன்: 120 கிராம். மாவுச்சத்து 90 கிராமுக்கு மேல். பக்கத்தில் தேங்காய்ச் சம்மந்தி (துவையல்), சுட்ட பப்படம் இரண்டு, கடுமாங்காய் ஊறுகாய், ஒரு கரண்டி பயறு. அது கஞ்சியின் குற்றமா? அரிசியையும் பயறையும் இடம் மாற்றிவிட்டோம், அவ்வளவுதான்.

அரிசியை 50 கிராம் ஆக்கினோம். சிறுபயறை உலர்ந்த நிலையில் 40 கிராம் ஆக்கினோம். அது வெந்தால் சிரட்டை நிறைய வரும். வாரத்தில் இரண்டு நாள் பயறுக்குப் பதில் காணம் (கொள்ளு). கூடவே ஒரு கிண்ணம் தொவரன் (தேங்காய் போட்ட பொரியல்), முட்டைக்கோஸோ பீன்ஸோ முருங்கைக்கீரையோ, பறிக்கிற நாளில் வாழைப்பூவோ. மீன் கறியில் நான்கைந்து சாளை. கணக்குப் பார்த்தால் அரிசியிலும் பயறிலும் சேர்த்து மாவுச்சத்து 60 கிராமுக்குள் நிற்கிறது, அதில் பயறின் பங்கு மெதுவாகக் கரைவது. புரதம் அரிசியும் பயறும் சேர்ந்து 13 கிராம், 100 கிராம் மீன் இன்னும் 20 கிராம். மூன்று சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் தருவது இதில் பாதிக்கும் கீழே. சாளையில் இதயத்துக்கு வேண்டிய ஒமேகா 3 கொழுப்பு நிறைய. அதே மீனை எண்ணெயில் முக்கிப் பொரித்தால் கலோரிக் கணக்கு வேறு. குடம்புளி போட்டுக் கறிவைத்தால் மீன் மீனாகவே இருக்கும். விலை உயர்ந்த நெய்மீன்தான் உடம்புக்கு நல்லது என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தான். இந்த விஷயத்தில் காலையில் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் சாளை எதற்கும் குறைந்தது இல்லை.

விரலில் குத்திப் பார்க்கும் கருவியால், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து அம்மாவுக்குப் பார்த்தோம். மூன்று சப்பாத்தி, குருமா: 171. பழையபடி மரச்சீனியும் கொஞ்சம் மீன் சாறும்: 194. புது அளவில் கஞ்சி, பயறு, தொவரன், மீன்: 146. மறுபடி ஒரு நாள் பார்த்தபோது 152. ஒரே உடம்பு, சில ராத்திரிகள். இதை யாரும் ஆய்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டு எண் வேறாக இருக்கும். ஆனால் அம்மாவிடம் பேச எனக்கு அந்த எண்கள் உதவின. கஞ்சியை நிறுத்தச் சொல்லவில்லை, பயறைக் கூட்டச் சொன்னோம் என்பதும் உதவியது. சாப்பிடும் வரிசையையும் மாற்றினோம்: முதலில் தொவரனும் மீனும், பிறகு பயறு, கடைசியில் கஞ்சி. காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் எடுத்தால் ஏற்றம் மட்டுப்படும் என்று 2015 முதலே சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத மாற்றம் இது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களும், சுகரை இறக்கும் சில மாத்திரைகள் எடுக்கிறவர்களும் சோற்றைத் திடீரென்று இப்படிப் பாதியாக்கக் கூடாது. நடுராத்திரியில் சுகர் தாழ்ந்து போகும். முதலில் மருந்தளவை டாக்டரிடம் பேச வேண்டும். சிறுநீரகம் பாதித்தவர்களுக்குப் பயறும் மீனும் எவ்வளவு என்பதும் தனிக் கணக்கு.

தேங்காய் எண்ணெய் பற்றி அக்காவும் நானும் இன்னும் முழுதாக ஒத்துப்போகவில்லை. அது எண்பது சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கேரளத்தில் இதய நோயாளிகள் 200 பேரை இரண்டு வருடம் பார்த்து 2016இல் வெளியான ஆய்வில், தேங்காய் எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் கொழுப்பு அளவிலோ இதயப் பாதிப்பிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. அக்கா அதைப் பிடித்துக்கொள்கிறாள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வந்த தொகுப்போ, மற்ற தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை ஏறக்குறைய 10 புள்ளி கூட்டுகிறது என்று சொல்கிறது. நல்ல கொழுப்பும் 4 புள்ளி கூடுகிறது, ஆனால் அது கெட்டதை ஈடுகட்டும் என்று நம்ப ஆதாரம் இல்லை. நான் தொகுப்பின் பக்கம். எல்டிஎல் ஒழுங்காக இருக்கிறவர் தேங்காய் எண்ணெயிலேயே இருக்கலாம், ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் எல்லா எண்ணெயும் அடங்கினால். அம்மாவுக்கு எல்டிஎல் 148. ஆகவே அன்றாடத் தாளிப்புக்கும் வதக்கலுக்கும் கடலை எண்ணெய் வந்துவிட்டது. அவியலை இறக்கும்போது மேலே ஊற்றும் ஒரு ஸ்பூன் பச்சைத் தேங்காய் எண்ணெய் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அது அவியலே இல்லை, அந்த அளவுக்குக் கண்டிப்பு தேவையும் இல்லை. கறிக்கு அரைக்கும் தேங்காயும் எண்ணெய்தான் என்பதை நாங்கள் மறந்திருந்தோம். ஒரு நாளைக்கு ஒரு முழுத் தேங்காய் என்பது அரை ஆனது.

உப்புதான் எனக்கு அதிகக் கவலை தந்தது, அம்மாவைவிட அப்பா விஷயத்தில். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூன். அப்பாவுக்குப் பிரஷர் பத்து வருடமாக இருக்கிறது. கஞ்சியில் அள்ளிப் போடும் உப்பு, கடுமாங்காய், பப்படம், கருவாடு என்று நான்கு வழியில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கண்டித்தது முதலாவதை மட்டும்தான், கண்ணுக்குத் தெரிவது அதுதானே. இப்போது கருவாடு மாதத்துக்கு ஒரு நாள், அதுவும் ராத்திரி முழுக்க ஊறவைத்துக் கழுவியது. பப்படம் ஓணத்துக்கும் விசேஷத்துக்கும். சம்மந்தியில் மாங்காயையும் சின்ன வெள்ளுள்ளியையும் கூட்டினால் உப்புக் குறைவு நாக்குக்கு அவ்வளவாகத் தெரியவில்லை.

மரச்சீனி ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது, அதுவும் மத்தியானத்துக்கு. தட்டில் கிழங்கு 100 கிராம், அம்மாவின் கையில் மூன்று துண்டு. அன்றைக்குச் சோறு கிடையாது. சாளையை வழக்கத்தைவிட இரட்டிப்பாக வாங்கி, பக்கத்தில் ஒரு பெரிய கிண்ணம் பயறு. சாப்பிட்டு முடித்ததும் அம்மாவும் மாமியும் ஆற்றங்கரை வழியாகக் குழித்துறைப் பாலம் வரைக்கும் போய் வருகிறார்கள்.

அப்பாவின் தட்டை நான் அம்மாவின் அளவுக்குக் குறைக்கவில்லை. அவர் விடியற்காலை நான்கு மணிக்கே ரப்பர் வெட்டப் போகிறவர், மரத்துக்கு மரம் நடந்து முந்நூறு மரம் முடிக்கிறவர், சுகரும் இல்லை. ஒரே கலயத்துக் கஞ்சிதான். அம்மாவுக்கு ஒரு அகப்பை, அவருக்கு இரண்டரை. பயறும் தொவரனும் மீனும் இருவருக்கும் ஒரே அளவு. முதல் வாரம் அவர் தட்டைப் பார்த்து, "எனக்கு எதுக்குடே இவ்வளவு பயறு?" என்று கேட்டார். இப்போது கேட்பதில்லை. உப்பு மரவையை மட்டும் மேசையிலிருந்து எடுத்து அடுக்களைக்குள்ளே வைத்துவிட்டோம், வேண்டுமென்றால் எழுந்து போய் எடுக்க வேண்டும்.